வெளிக்காற்றின் எண்

என் அத்தைக்கு ஆஸ்பத்திரிகளில் உள்ள பிரஷர் மெஷின்களைச் சரிபார்க்கும் வேலை. கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, இரத்த அழுத்தம் பார்ப்பார்களே, அந்தக் கருவிகள்தான். நாளாக ஆக அவை கூட்டியோ குறைத்தோ காட்டத் தொடங்கும். அத்தை தன் பெட்டியிலிருந்து பாதரசக் குழாயை எடுத்து நிறுத்தி, இரண்டையும் ஒரே ரப்பர் குழாயில் இணைத்து, காற்றை ஏற்றிப் பார்ப்பாள். பாதரசம் சொல்வதும் மெஷின் சொல்வதும் ஒன்றாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால் அந்த மெஷின் அத்தையோடு வீட்டுக்கு வந்துவிடும். துணி மடிக்கும் மேசையில் எப்போதும் இரண்டு மூன்று மெஷின்கள் வயிறு திறந்து கிடக்கும்.

இந்த வேலையில் அவளுக்குப் பிடித்த கணம் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்து திருகைத் திறந்ததும் காற்று பெருமூச்சுபோல் வெளியேறும். பாதரசம் மெல்ல இறங்கி அடியில் போய் நிற்கும். அத்தை எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். “எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துட்டா மனசு லேசாயிடுது,” என்பாள். வெளிக்காற்று அவளுக்கு எப்போதுமே பூஜ்யம்தான். அடைத்துவைத்த காற்றுக்குத்தான் எண் உண்டு. ஜன்னலுக்கு வெளியே சும்மா திரிகிற காற்றுக்கு என்ன எண் இருக்க முடியும்?

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்த தவறு இங்கிருந்துதான் வந்தது.

அத்தையின் கணவர், என் மாமா, டவுன் பஸ் ஓட்டுகிறார். எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் அவர்கள் வீடு, மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கட்டடத்துக்குப் பின்னால் முன்பு கார்கள் நிறுத்திய ஒரு நீளமான தகரக் கொட்டகை இருக்கிறது. அதில்தான் மாமா ஆறேழு வருஷமாக விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். வரைபடங்கள் தபாலில் வந்தன. மரச்சட்டங்களை அவரே இழைத்தார். இறக்கைகளுக்குத் துணி போர்த்த பக்கத்துத் தெரு தையற்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து, இறக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து மறுபடியும் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

“டிரைவரே, இவ்வளவு பெரிய உடம்புக்கு நான் இதுவரைக்கும் தைச்சதில்ல. இடுப்பு எங்க இருக்குன்னு மட்டும் காட்டிடுங்க,” என்றார்.

அன்றிலிருந்து அவரும் பாதி முதலாளி மாதிரிதான். கடை அடைத்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவார். துணி இழுபட்டு விறைப்பாக நிற்க மேலே ஒரு பூச்சு பூசுவார்கள். அந்த மணம் படிக்கட்டு வழியாக எங்கள் வீடுவரை ஏறிவரும். வெயில் நேரத்தில் கொட்டகைக்குள் போனால் இறக்கைத் துணி வழியாக வெளிச்சம் மஞ்சளாகக் கசியும். உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் மீன் முள்போலத் தெரியும். அங்கே யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

கடைசியில் இன்ஜின் வந்தது. இன்ஜினோடு மூன்று சென்சார்களும் வந்தன. ஒன்று ஆயிலின் அழுத்தத்தைப் பார்க்கிறது, ஒன்று பெட்ரோலின் அழுத்தத்தை, மூன்றாவது இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றின் அழுத்தத்தை. மூன்றும் விமானி முன்னால் உள்ள சின்னத் திரைக்கு எண்ணை அனுப்பும். ஆனால் எந்த அளவுக்கு எந்த எண் என்று திரைக்கு நாம்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அழுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

“வீட்லயே டாக்டர வச்சிக்கிட்டு நான் எதுக்கு வெளிய அலையணும்?” என்றார்.

“உங்களுக்கு பிரஷர் பார்த்தே நான் ஓய்ஞ்சு போயிட்டேன். இப்ப உங்க இன்ஜினுக்குமா?” என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்துவிட்டாள்.

ஆயிலும் பெட்ரோலும் அவளுக்குப் பழகிய கணக்குதான். இன்ஜின் நின்றிருந்தால் பூஜ்யம். கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்றி, பக்கத்தில் வைத்த நம்பகமான மீட்டரைப் பார்த்து, படிப்படியாகத் திரைக்குச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது சென்சார்தான் விநோதமாக இருந்தது. இன்ஜின் நின்றிருக்கும்போது அது பூஜ்யம் காட்டக் கூடாதாம். சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் எவ்வளவோ அதைக் காட்ட வேண்டுமாம். அத்தைக்குச் சிரிப்பு வந்தது.

“சும்மா இருக்கற காத்துக்கு ஒரு நம்பரா?”

“இருக்காம். மில்லிபார்ல சொல்லுவாங்க. தினம் வானிலை அறிக்கைலயே வருதே,” என்றார் மாமா.

ரேடியோவில் கேட்டார்கள். ஆயிரத்துப் பதிமூன்று என்றது. அத்தை அந்த எண்ணைத் திரைக்குக் கொடுத்தாள். பிறகு பாதரசக் குழாயை இணைத்துக் காற்றை ஏற்றினாள். பாதரசம் எவ்வளவு ஏறியதோ அதே கணக்கில் திரையிலும் எண் ஏறியது. இறக்கினாள், இறங்கியது. திரும்பத் திரும்பப் பார்த்தாள், ஒரு பிசிறு இல்லை. பழக்கதோஷத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கரைக் கிழித்து சென்சார் மேல் ஒட்டியும் விட்டாள்.

விமானத்தை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த ஓடுபாதைக்குக் கொண்டுபோனார்கள். குறுகிய பாதை அது. முடியும் இடத்தில் தைலமரங்கள் வரிசையாக உயர்ந்து நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிற்றால் கட்டி, இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் காற்றின் எண் ஆயிரத்தை ஒட்டி நின்றது. மாமா கதவைத் திறந்துகொண்டு குதித்து இறங்கினார்.

“பார்த்தியா? இன்ஜின் புத்தகத்துல கடற்கரைக்குப் போட்டிருக்கற நம்பர அப்படியே காட்டுது. மேட்டு ஊர்ல இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. இது குதிரை மாதிரி இழுக்குது.”

அவர் விமானம் ஓட்டக் கற்றதெல்லாம் கடலோரத்துப் பள்ளி ஒன்றில். உயரமான இடத்தில் சக்தி குறையும் என்று அங்கே சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் எவ்வளவு குறையும் என்று ஊகித்துக் கழிப்பதைவிட, இன்ஜினுக்கு நிஜமாகக் கிடைக்கும் காற்றைக் கருவியே நேராகச் சொல்லும்போது அதை நம்புவதுதான் சரி என்று அவர் நினைத்தார். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டார். சக்கரம் எங்கே தரையை விடும், மரங்களுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்றெல்லாம் பார்த்தார். தாராளமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பறப்பு என்று டிப்போ முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அத்தை ஒரு மாதிரி இருந்தாள். பயம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரல்களை விரித்து, காற்றை அளைந்துகொண்டே வந்தாளாம். நடத்துநர் மாமாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வேலையில் அவள் இதுவரை ஒட்டிய எல்லா ஸ்டிக்கருக்கும் பின்னால் அவள் கண்ணால் பார்த்த பாதரசம் இருந்தது. இந்த ஒரு எண்ணை மட்டும் அவள் பார்த்ததில்லை. யாரோ சொன்னதுதான். அதில் சந்தேகமும் அவளுக்கு இல்லை. பார்க்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். இத்தனை காலம் பூஜ்யம் என்று நினைத்த ஒன்று தோளிலும் தலையிலும் சதா உட்கார்ந்திருக்கிறது என்றால், அதன் முகம் எப்படி இருக்கும்?

வெளிக்காற்று பாதரசத்தை எவ்வளவு உயரத்துக்குத் தாங்கி நிறுத்துமோ அவ்வளவு நீளக் குழாய் அவளிடம் இல்லை. தண்ணீர் போதும் என்று யோசித்தாள். ஆனால் தண்ணீர் லேசானது. பாதரசம் நிற்கும் உயரத்தைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் உயரம் வேண்டும். அப்படி உயரமான இடம் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான், எங்கள் படிக்கட்டின் நடுவே தரையிலிருந்து நான்காம் மாடிவரை போகும் வெற்றிடம்.

சனிக்கிழமை காலை, கதவைத் திறந்தால் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு தடித்த கண்ணாடிக் குழாய்போன்ற பிளாஸ்டிக் குழாய் கயிற்றில் ஆடிக்கொண்டே மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே சிவப்புத் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறவைத்து, மை கலந்திருந்தாள். மேல் வாய் இறுக அடைத்திருந்தது. கீழ் வாய் தரைத்தளத்தில் ஒரு வாளித் தண்ணீருக்குள். நான்காம் மாடியில் தையற்காரர் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். அத்தை எங்கள் தளத்துக்கு வந்து கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றாள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று ரேடியோ சொன்ன எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, கம்பியின் உயரத்தில் ஒரு கறுப்பு நூலைக் கட்டிவைத்திருந்தாள்.

அம்மா துடைப்பத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

“என்னடி இது? கட்டடத்துக்கு குளுக்கோஸ் ஏத்துறியா?”

“காத்தை எடை போடறேன் அண்ணி.”

“போட்டு யாருக்கு விக்கப் போற?”

மேலேயிருந்து தையற்காரர் எட்டிப் பார்த்தார். “அக்கா, இன்னும் இழுக்கவா? இதுக்கு மேல இழுத்தா மொட்டை மாடிதான்.”

“இழுங்க, இழுங்க.”

குழாயின் தலை எங்களைத் தாண்டி மேலே போனது. சிவப்புத் தண்ணீரும் கூடவே போகும் என்றுதான் நான் நினைத்தேன். போகவில்லை. குழாய் ஏறிக்கொண்டே இருக்க, தண்ணீர் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல. மேலே வெறுமை. தண்ணீரின் முகத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்து உடைந்தன. தீ இல்லாமல் கொதித்தது அது. மேலே திறந்திருந்த ஜன்னல் வழியாக வெயில் விழுந்து, சுவரெல்லாம் சிவப்பு நிழல் அசைந்தது. அம்மாகூட துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தண்ணீரை மேலேயிருந்து எதுவும் இழுக்கவில்லை. தெருவில் திரிகிற காற்று வாளியை அமுக்கி அமுக்கி அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தது. அத்தையின் உதடுகள் லேசாகத் திறந்திருந்தன.

பிறகு அவள் முகம் மாறியது. தண்ணீர் நின்ற இடம் கறுப்பு நூல் இல்லை. எங்கள் வாசல்படியின் உயரத்தில் நின்றது. வாசல்படிக்கும் கறுப்பு நூலுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வெறும் குழாய்.

“குமிழ் புகுந்திருக்கும்,” என்றாள். எல்லாவற்றையும் இறக்கி, புதிதாகத் தண்ணீர் கொதிக்கவைத்து, மறுபடியும் ஏற்றினார்கள். தையற்காரருக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது. தண்ணீர் மறுபடியும் வாசல்படியில்தான் நின்றது.

அத்தை எங்கள் வீட்டு போனிலிருந்தே வானிலை நிலையத்துக்குப் பேசினாள். எடுத்தவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். போனை அத்தை காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிப்பாள் என்பதால் எங்களுக்கும் கேட்டது.

“ரேடியோல வர்றது கடல் மட்டத்துக்கு மாத்தின கணக்கும்மா. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு உயரத்துல இருக்கும். எல்லாத்தையும் கடற்கரைல கொண்டுவந்து வச்ச மாதிரி மாத்திட்டாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும்.”

“அப்ப இங்க நிஜமா இருக்கற காத்து?”

“அது நூறு மில்லிபார் குறைச்சலா இருக்கும். அதை யாரும் கேக்கறதில்ல.”

அத்தை போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். கீழே தெருவில் சைக்கிள்கள் போயின, ஒரு பெண் பால் பாத்திரத்தோடு நடந்தாள். ரேடியோ நம்புகிறபடி பார்த்தால் இந்தத் தெரு ஒரு கடற்கரை. அந்தப் பெண்ணின் பாதத்தை அலை நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னல் கம்பிகளில் உப்புப் பூத்திருக்க வேண்டும். அந்த இல்லாத கடலின் காற்றைத்தான் மாமாவின் திரை காட்டிக்கொண்டிருந்தது. நாளைக் காலை அவர் அதை நம்பி மரங்களை நோக்கி ஓடப்போகிறார்.

“நாளைக்கு அவர் பறக்கக் கூடாது அண்ணி,” என்றாள்.

சோதனை முடிந்து கொட்டகைக்கே திரும்பியிருந்த விமானத்தின் கண்ணாடியை மாமா துடைத்துக்கொண்டிருந்தார். புதுச்சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது. அத்தை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். நானும் தையற்காரரும் வாசலில் நின்றோம்.

“நம்பர்தானே மாறுது?” என்றார் மாமா. “நம்பர மாத்திக்கலாம். இன்ஜின் அதேதானே? அன்னைக்கு குதிரை மாதிரி இழுத்ததே.”

“இன்ஜின் மாறலைங்க. மரத்துக்கு மேல இவ்வளவு இடம் இருக்கும்னு நீங்க ஒரு கணக்கு போட்டீங்களே, அது நான் குடுத்த நம்பர்ல போட்டது.”

“டிப்போல பாதிப்பேர் லீவு போட்டிருக்கான். நான் என்னன்னு சொல்வேன்?”

“என் பொண்டாட்டி தப்பா வச்சுட்டான்னு சொல்லுங்க. அதுதானே உண்மை.”

மாமா துணியைக் கசக்கிக்கொண்டு நின்றார். தையற்காரர் தொண்டையைச் செருமினார். “அப்ப நம்ம ஊர்ல காத்துலயும் கலப்படம்ங்கறீங்க,” என்றார். அத்தை விமானத்தில் ஏறி உட்கார்ந்து, திரையைப் போட்டு, எண்ணைத் திருத்தினாள். ஆயிரத்துப் பதிமூன்று அழிந்து, தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது. இறங்கும்போது பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

மாமா புதிதாகக் கணக்குப் போட்டார். ஒருமுறை போட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். வந்து மறுபடியும் போட்டார். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. டிப்போவில் அவருக்குத் ‘தரை பைலட்’ என்று பெயர் வைத்தார்கள். பஸ் கிளம்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் சீட் பெல்ட் போடச் சொல்லி விசில் அடித்தார். மாமா அத்தையிடம் கோபப்படவில்லை. பேசவும் இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், டம்ளரைக் கழுவி வைத்தார். அத்தை மேசையில் மெஷின்களோடு உட்கார்ந்திருந்தாள். திருகைத் திறந்து காற்று வெளியேறும்போது இப்போது அவள் பாதரசத்தைப் பார்ப்பதில்லை, அறையைப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் எதுவோ நிரம்பியிருக்கிறது என்பது போல.

பழைய விமானத்திடல் ஒன்று இருப்பதைத் தையற்காரர்தான் கண்டுபிடித்துவந்தார். அதுவும் எங்கள் ஊர் உயரம்தான், ஆனால் இரண்டு மடங்கு நீளம். எப்போதோ கைவிட்ட இடம், புல் முளைத்துக் கிடந்தது. லாரி பேசி, அனுமதி வாங்கி, டிப்போவில் ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு விடிகாலையில் நாங்கள் மட்டும் போனோம்.

மாமா விமானத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது அத்தை ஒரு பை சுண்ணாம்புப் பொடியைத் தூக்கிக்கொண்டு பாதையில் நடந்தாள். அவருடைய பழைய கணக்கின்படி சக்கரம் தரையை விட்டிருக்க வேண்டிய இடத்தையும், முதலில் போன குறுகிய பாதை முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தையும், கிளம்பும் இடத்திலிருந்து எத்தனை தூரம் என்று அவள் கேட்டு வைத்திருந்தாள். மரங்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் பாதையின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். முதல் இடத்தில் எதுவும் போடவில்லை.

“எதுக்கு அது?” என்று மாமா தூரத்திலிருந்து கேட்டார். பல நாள் கழித்து அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

“எனக்குப் பார்க்கணும்,” என்றாள்.

இன்ஜின் முழங்கியது. விமானம் புல்லை வகிர்ந்துகொண்டு ஓடத் தொடங்கியது. வால் எழுந்தது. இறக்கைத் துணியில் காலை வெயில் பட்டு, உள்ளே இருந்த சட்டங்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. அது ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தையற்காரர் வாய்க்குள் “எழுந்திரு, எழுந்திரு” என்று சொன்னார். அத்தை விமானத்தைப் பார்க்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போயின. தரையில் உருண்டபடியே. அதற்குப் பிறகும் வெகுதூரம் ஓடித்தான் அது தரையை விட்டது. அப்புறம் சத்தம் சன்னமாகிவிட்டது. வானத்தில் ஒரு மஞ்சள் துணி மிதந்தது.

தையற்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வட்டமாக ஓடினார். “என் தையல் பறக்குது, பாருங்க,” என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை அதற்குள் பாதையில் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். கோடு சக்கரம் ஏறிய இடங்களில் உடைந்திருந்தது. அதைத் தாண்டிப் புல்லின் மேல் சுண்ணாம்பு ஒட்டிய சக்கரத் தடம் வெள்ளையாகத் தொடர்ந்தது. முதலில் அழுத்தமாக, பிறகு விட்டுவிட்டு, பிறகு மாவு தூவியதுபோல். அத்தை அதன் கூடவே நடந்தாள். தடம் மங்கி, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது. அங்கே குந்தி உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

மாமா ஒரு வட்டம் சுற்றி வந்து இறங்கினார். இன்ஜினை நிறுத்திவிட்டு, இறங்காமல், கதவை மட்டும் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்தே கோட்டைப் பார்த்திருக்கிறார். அதன் அந்தப் பக்கம் வெள்ளைத் தடம் எவ்வளவு தூரம் போனது என்பதையும் பார்த்திருக்கிறார்.

அத்தை நடந்து வந்து இறக்கை ஓரமாக நின்றாள்.

“ஏறு,” என்றார் மாமா.

“நான் எதுக்கு?”

“நீ ஏறினா எடை கூடும். இன்னும் கொஞ்சம் தூரம் ஓடணும். எவ்வளவுன்னு கணக்கு போட்டுட்டேன். ஏறி அந்தத் திரையைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வா.”

அத்தை செருப்பைக் கழற்றிப் புல்லில் ஜோடியாக வைத்துவிட்டு ஏறினாள்.